மூட்டு வலியா, மனச்சோர்வா, வயதின் தளர்ச்சியா?

‘முதியோர் நலம்’ பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலியைப் பற்றியவை. ஆனால் எந்தக் கடிதமும் வலியோடு நின்றுவிடவில்லை. தூக்கம், பசி, எடை, எரிச்சல், யாரோடும் பேசப் பிடிக்காமை என்று ஒவ்வொன்றும் வேறோர் இடத்தில் போய் முடிந்தது. அவற்றிலிருந்து ஆறு கேள்விகளை எடுத்துக்கொண்டு, ஒன்றோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்கும்படி பதில் எழுதியிருக்கிறேன். அனுப்பியவர்களின் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கேள்வி: என் தாயாருக்கு 74 வயது. இரண்டு ஆண்டுகளாக முழங்கால் வலி. முதலில் வெளியே போவதை நிறுத்தினார். பிறகு மாடி ஏறுவதை நிறுத்தினார். இப்போது பெரும்பாலான நேரம் கட்டிலில்தான் இருக்கிறார். உடைகளெல்லாம் தொளதொளத்துவிட்டன. மனத்தில் ஏதாவது கவலையா என்று கேட்டால், “எனக்கென்ன கவலை, கால்தான் வலிக்கிறது” என்கிறார். எலும்பு மருத்துவர் மூட்டுத் தேய்மானம் என்கிறார். குடும்ப மருத்துவர் மனச்சோர்வாக இருக்கலாம் என்கிறார். உறவினர்களோ வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். யார் சொல்வதை நான் நம்புவது?

பதில்: மருத்துவர்கள் இருவர் சொல்வதும் சரியாக இருக்கலாம், உறவினர்கள் சொல்வதுதான் தவறு. உங்கள் தாயாருக்கு மூட்டுத் தேய்மானமும் மனச்சோர்வும் ஒருசேர இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. அவற்றோடு, இருவரும் பெயர் சொல்லாமல் விட்ட மூன்றாவது ஒன்றும் தொடங்கியிருக்கக்கூடும் என்பதை, உடைகள் தொளதொளத்துவிட்டதாக நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி காட்டுகிறது. அதை முதுமைத் தளர்ச்சி என்கிறோம். அது வயதின் மறுபெயர் அன்று. 90 வயதிலும் தளர்ச்சி இல்லாதவர்கள் இருக்கிறார்கள், 65 வயதிலேயே அதில் விழுந்தவர்களும் இருக்கிறார்கள்.

லிண்டா ஃபிரைடு என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2001இல் இதற்கு ஐந்து அடையாளங்களை வகுத்தார்கள்: முயலாமலே ஓர் ஆண்டில் ஏறத்தாழ நாலரை கிலோவோ அதற்கு மேலோ எடை குறைதல், தீராத களைப்பு, கைப்பிடியில் பலக்குறைவு, மெதுவான நடை, உடலுழைப்பு குறைந்துபோதல். இவற்றுள் மூன்று இருந்தால் தளர்ச்சி. ஒன்றோ இரண்டோ இருந்தால் அதற்கு முந்தைய நிலை. களைப்பை அறிய அவர்கள் கேட்ட இரண்டு வினாக்களும், அதாவது எதைச் செய்தாலும் பெரும்பாடாகத் தோன்றியதா, எதையும் தொடங்கவே முடியாமல் இருந்ததா என்பவை, மனச்சோர்வைக் கண்டறியும் ஒரு வினாத்தாளிலிருந்து எடுக்கப்பட்டவை என்பது கவனிக்கத்தக்கது. ஆகவே உங்கள் தாயாரின் ஒரே பதிலை ஒரு மருத்துவர் தளர்ச்சிக் கணக்கிலும் மற்றவர் மனச்சோர்வுக் கணக்கிலும் எழுதிக்கொள்ள முடியும். இருவருமே தவறு செய்தவர்கள் ஆகமாட்டார்கள்.

வலி எங்கே நுழைகிறது என்று பார்ப்போம். முழங்கால் வலிப்பதால் நடை குறைகிறது. நடை குறைவதால் தொடைத் தசை மெலிகிறது. முழங்காலைத் தாங்கி நிற்பதே அந்தத் தசைதான் என்பதால், அது மெலிந்ததும் மூட்டின் மேல் விழும் சுமை கூடி, வலி இன்னும் கூடுகிறது. இந்த இழப்பு எவ்வளவு விரைவானது என்பது பலருக்குத் தெரிவதில்லை. 2007இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல உடல்நலத்தோடு இருந்த முதியவர்கள் பத்து நாள்கள் படுக்கையிலேயே இருக்கவைக்கப்பட்டார்கள். அந்தப் பத்து நாள்களில் அவர்களுடைய கால்களிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ தசை கரைந்துபோயிற்று. உங்கள் தாயார் கட்டிலில் கழிப்பது மாதக்கணக்கில் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

அடுத்தது மனம். வலி என்பது விரும்பத்தகாத ஓர் உடலுணர்வு மட்டுமன்று, ஓர் உள்ளவுணர்வும்கூட என்றுதான் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979இலேயே வரையறுத்தது. 2020இல் அந்த வரையறையைத் திருத்தியபோதும் இந்தப் பகுதியை மாற்றவில்லை. மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாக இறங்கி, கீழிருந்து வரும் வலிச் செய்திகளைத் தணிக்கும் நரம்புப் பாதைகள், செரோட்டோனின், நார்-அட்ரீனலின் என்னும் வேதிப்பொருள்களைக் கொண்டு இயங்குகின்றன. மனநிலையைச் சீராக வைத்திருப்பதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. மனச்சோர்வு வந்தவருக்கு அதே மூட்டு, அதே தேய்மானம், ஆனால் வலி கூடுதலாகத் தெரிவதற்கு இது ஒரு காரணம். அவர் நடிக்கவில்லை, மிகைப்படுத்தவும் இல்லை. மேலும், முதியவர்களில் பலர் தமக்குத் துக்கமாக இருக்கிறது என்று சொல்வதே இல்லை. முன்பு பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போவது, விடியுமுன் விழித்துக்கொள்வது, பசியின்மை, உடம்பெல்லாம் வலி என்றுதான் அது வெளியே வருகிறது. “எனக்கென்ன கவலை” என்ற உங்கள் தாயாரின் பதிலை வைத்து மனச்சோர்வு இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவற்றைச் சொல்கிறேன். அவருடைய எடையை இன்றே பார்த்து எழுதிவையுங்கள்; ஓராண்டுக்கு முந்தைய மருத்துவக் குறிப்பில் எடை இருந்தால் ஒப்பிடுங்கள். நான்கு மீட்டர் தொலைவை அவருடைய வழக்கமான நடையில் நடக்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் அது மெதுவான நடை. இரண்டையும் மருத்துவரிடம் கொண்டுபோய், ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனைகளைப் பற்றிக் கேளுங்கள். எடை குறைவதற்கு வேறு மறைந்த நோய் காரணமில்லை என்பதையும் அவர் உறுதிசெய்ய வேண்டும். முதியோருக்கென்றே 1980களில் உருவாக்கப்பட்ட மனச்சோர்வு அளவுகோல் ஒன்று உண்டு. அதன் சுருக்க வடிவத்தில் 15 வினாக்கள், எல்லாவற்றுக்கும் ஆம் அல்லது இல்லை என்பதே பதில். தூக்கம், வலி, பசி போன்ற உடல் குறிகளைப் பற்றி அதில் வேண்டுமென்றே கேட்பதில்லை. அவை முதுமையில் வேறு நோய்களாலும் வரும் என்பதால் அப்படி அமைத்தார்கள்.

சிகிச்சையை எங்கே தொடங்குவது என்பதில் என் கருத்து இது. வலி முற்றிலும் நீங்கட்டும், பிறகு நடக்கலாம் என்று காத்திருப்பதுதான் குடும்பங்கள் செய்யும் மிகப் பெரிய தவறு. தேய்ந்த மூட்டில் வலி முற்றிலும் நீங்கும் நாள் பெரும்பாலும் வராது. எழுந்து நடமாட முடிகிற அளவுக்கு வலியைக் குறைப்பது, அந்த இடைவெளியில் பிசியோதெரபி மூலம் தொடைத் தசையை வலுவாக்குவது, அதே வாரத்தில் மனச்சோர்வுக்கான சிகிச்சையையும் தொடங்குவது, இவை மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு 79 வயது. மனைவி இறந்து எட்டு மாதங்கள் ஆகின்றன. அதன் பிறகு உடம்பெல்லாம் வலி. காலையில் எழுந்தால் இரண்டு தோள்களையும் தூக்க முடிவதில்லை, இடுப்பும் இறுகிக்கிடக்கிறது. நண்பகலுக்கு மேல் கொஞ்சம் தளர்கிறது. பசி இல்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்று தோன்றுகிறது. மகனிடம் சொன்னால் பயந்துவிடுவான். இது துக்கமா, நோயா?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

முதலாவது, தோள்களும் இடுப்பும் காலையில் இறுகிக்கிடப்பது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு வரும் பாலிமயால்ஜியா ருமாட்டிகா என்ற அழற்சி நோய் ஏறத்தாழ இப்படித்தான் தொடங்கும்: இருபுறமும் வலி, காலையில் முக்கால் மணி நேரத்துக்கும் மேல் நீடிக்கும் இறுக்கம், களைப்பு, பசியின்மை, எடைக்குறைவு. துணையை இழந்த ஒருவருக்கு இது வரும்போது, சுற்றியிருப்பவர்கள் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் எழுதிவிடுவார்கள். சில வேளைகளில் மருத்துவரும் அப்படியே செய்துவிடுவார். உடலில் அழற்சி இருப்பதைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்ற எளிய ரத்தப் பரிசோதனைகள் இதற்கு உதவும். இந்த நோய்தான் என்று உறுதியானால், குறைந்த அளவு ஸ்டீராய்டு மருந்திலேயே பெரும்பாலோருக்குச் சில நாள்களில் வலி வியக்கத்தக்க அளவு குறையும். இதோடு புதிதாகத் தலைவலி, தலையைத் தொட்டால் நோவு, மெல்லும்போது தாடையில் வலி, பார்வையில் மங்கல் ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். தலைக்குச் செல்லும் ரத்தக் குழாய்களில் அழற்சி வந்திருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடக்கூடும்.

இரண்டாவது, போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது என்ற எண்ணம். துணையின் பிரிவுத் துக்கத்துக்கு இத்தனை மாதங்கள் என்று எவரும் கெடு வைக்க முடியாது. துக்கம் அலையலையாக வரும். இடையில் ஒரு பேச்சோ ஒரு நினைவோ சிறிது ஆறுதல் தரும். மனச்சோர்வில் அந்த இடைவெளிகள் இருப்பதில்லை. எதுவும் தேறுதல் தராது, தம்மைத் தாமே பாரமாகவும் பயனற்றவராகவும் கருதும் எண்ணம் வேரூன்றும். உங்களுக்கு எது என்பதைக் கடிதத்தை வைத்து நான் தீர்மானிக்க முடியாது. ஆனால் மருத்துவர் உங்களிடம் ஒரு கேள்வி கேட்பார். அதை நீங்களே இப்போது உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். சாவு வந்தால் வரட்டும் என்று தோன்றுகிறதா, அல்லது அதை நானே தேடிக்கொள்ளலாம் என்று வழிகளை யோசிக்கிறேனா? இரண்டாவது என்றால் இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டு இப்போதே மகனை அழையுங்கள், இன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள், மருத்துவரைப் பார்க்கும்வரை தனியாக இராதீர்கள். முதலாவது என்றாலும் இந்த வாரத்துக்குள் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். மகன் பயப்படத்தான் செய்வார். அது அவர் தாங்கக்கூடிய பயம்.

இதைப் படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தந்தையிடம் தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று அஞ்சுகிறீர்கள். அப்படி நேர்வதில்லை. நேராகக் கேட்கப்பட்டவர்களுக்குப் பெரும்பாலும் சுமை குறைகிறது. பல நாடுகளில் தற்கொலை விகிதம் மிக அதிகமாக உள்ள பிரிவினருள் முதிய ஆண்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. வீட்டில் சேர்ந்துகிடக்கும் பழைய மாத்திரைகளை அப்புறப்படுத்துவதும் உங்கள் வேலை.

கேள்வி: மனச்சோர்வுக்கான மாத்திரையைத் தொடங்கினால் ஆயுள் முழுவதும் விட முடியாதா? தூக்க மாத்திரை போல அதுவும் பழக்கமாகிவிடும் என்கிறார்களே?

பதில்: இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். பழக்கத்துக்கு உள்ளாக்குபவை பென்சோடயாசெபின் வகைத் தூக்க மாத்திரைகள்தான். முதியவர்கள் கீழே விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. மனச்சோர்வு மருந்துகள் அவ்வாறு ஏங்க வைப்பவை அல்ல. ஆயினும் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் பதற்றமும் வரலாம். ஆகவே மருத்துவர் சொல்லும் முறையில் படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும். முதியவர்களுக்குக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். முழுப்பயன் தெரிய ஆறு முதல் எட்டு வாரங்களோ சற்றுக் கூடுதலாகவோ ஆகலாம். இரண்டாம் வாரத்திலேயே பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுபவர்கள் ஏராளம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதங்களாவது தொடரச் சொல்வது வழக்கம்.

இவற்றுக்கும் பக்கவிளைவுகள் உண்டு. மனச்சோர்வுக்குப் பரவலாகத் தரப்படும் எஸ்.எஸ்.ஆர்.ஐ. வகை மருந்துகள் சில முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைத்துவிடும். தொடங்கிய முதல் சில வாரங்களுக்குள் குழப்பமோ தள்ளாட்டமோ தெரிந்தால் சோடியம் அளவைப் பார்க்க வேண்டும். அமிட்ரிப்டிலின் போன்ற பழைய மருந்துகள் மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, மறதி ஆகியவற்றை உண்டாக்கக்கூடும். முதியவர்களுக்குக் கூடியவரை தவிர்க்க வேண்டிய மருந்துகளுக்கென்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் வெளியிட்டுவரும் பியர்ஸ் பட்டியலில் அது இடம்பெற்றுள்ளது. டுலாக்செட்டின் போன்ற சில மருந்துகள் மனச்சோர்வையும் நாள்பட்ட வலியையும் சேர்த்தே குறைக்கும் என்பதால் சிலருக்குப் பொருத்தமாக அமைகின்றன. மாத்திரை வேண்டாம் என்பவர்களுக்கு உரையாடல் வழியிலான உளவியல் சிகிச்சை முதுமையிலும் பயன் தருகிறது.

கேள்வி: என் தந்தை ரத்த அழுத்தத்துக்கு மாத்திரையும் சிறுநீர் பிரிய ஒரு மாத்திரையும் சாப்பிடுகிறார். முதுகு வலிக்காகக் கடையில் வாங்கும் வலி மாத்திரையையும் தினமும் போட்டுக்கொள்கிறார். பரவாயில்லையா?

பதில்: பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையில் ரத்தக்கசிவை உண்டாக்கலாம், ரத்த அழுத்தத்தைக் கூட்டலாம், இதயச் செயலிழப்பை மோசமாக்கலாம். சிலவகை ரத்த அழுத்த மாத்திரையும், சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையும், இந்த வலி மாத்திரையும் ஒரே உடலில் சேரும்போது சிறுநீரகம் திடீரெனப் பழுதடையும் ஆபத்து உண்டு. வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்து நீர் வற்றும் நாள்களில் அது இன்னும் கூடும். மருத்துவரிடம் கேட்டு பாராசிட்டமாலுக்கு மாறலாமா என்று பாருங்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம் என்பது அதன் உச்ச வரம்பு. மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவாகவே தர வேண்டும். சளி, காய்ச்சல் மாத்திரைகள் பலவற்றில் பாராசிட்டமால் ஏற்கெனவே கலந்திருக்கும் என்பதால் மொத்தக் கணக்கைப் பாருங்கள். இடையில் சிறு தடுமாற்றத்துக்குப் பிறகு முதுகு வலி திடீரெனக் கூடியிருந்தால், முதுகெலும்பு நொறுங்கியிருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: என் மாமியாருக்கு 86 வயது, மறதி நோய் முற்றியிருக்கிறது. குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் கத்துகிறார், என்னை அடிக்கிறார். மற்ற நேரங்களில் அமைதியாகத்தான் இருக்கிறார். எரிச்சலைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால் நாள் முழுவதும் தூங்குகிறார். வேறு வழி இல்லையா?

பதில்: நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது, அம்மா. அசைக்கும்போது மட்டும் கத்துகிறார், அசைக்காதபோது அமைதியாக இருக்கிறார் என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது வலியை. எங்கே வலிக்கிறது என்று சொல்லும் திறனை இழந்தவர், அடிப்பதன் மூலமும் கத்துவதன் மூலமும்தான் அதைச் சொல்ல முடியும். நார்வேயில் முதியோர் இல்லங்களில் இருந்த, மறதி நோய் நடுத்தர அளவிலோ முற்றிய நிலையிலோ இருந்த 352 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2011இல் வெளிவந்தது. ஒரு பிரிவினருக்கு எட்டு வாரங்கள் படிப்படியான வலி நிவாரணம் தரப்பட்டது. வழக்கமான பராமரிப்பு மட்டும் பெற்றவர்களைவிட அவர்களிடம் கிளர்ச்சியும் ஆக்ரோஷமும் தெளிவாகக் குறைந்தன. அவர்களுள் பெரும்பாலோருக்குக் கொடுக்கப்பட்டது வெறும் பாராசிட்டமால்தான்.

அசைக்கும்போது அவருடைய முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்குகிறதா, மூச்சு வேகமாகிறதா, உடம்பு விறைக்கிறதா, குறிப்பிட்ட ஒரு தோளையோ காலையோ தொடும்போது மட்டும் கையைத் தட்டிவிடுகிறாரா என்று சில நாள்கள் எழுதிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பல், வாய்ப்புண், மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, படுக்கைப்புண், வளர்ந்து சதைக்குள் இறங்கிய கால் நகம் ஆகியவற்றையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். மருத்துவர் ஒப்புக்கொண்டால் குளிப்பாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக வலி மருந்து கொடுத்துப் பார்க்கலாம். அவர் இப்போது எடுப்பது மனப்பிறழ்வுக்கான மருந்து வகையைச் சேர்ந்தது என்றால், மறதி நோயுள்ள முதியவர்களுக்கு அவை பக்கவாதத்தையும் இறப்பையும் கூட்டுகின்றன என்பதையும், மிகக் குறுகிய காலத்துக்கு மட்டுமே அவை தரப்பட வேண்டும் என்பதையும் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: என் பாட்டிக்கு 88 வயது. இந்த வயதில் உடற்பயிற்சி செய்தால் எலும்பு முறிந்துவிடாதா? பேசாமல் ஓய்வாக இருக்கட்டும் என்று நினைக்கிறோம்.

பதில்: 1990இல் வெளியான ஓர் ஆய்வைச் சொல்கிறேன். பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான, தளர்ந்த பத்துப் பேர் கால்களால் எடை தூக்கும் கடும் பயிற்சியை எட்டு வாரங்கள் செய்தார்கள். முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக இரண்டரை மடங்குக்கும் மேல் உயர்ந்தது. பயிற்சியை நிறுத்திய நான்கே வாரங்களில் அந்தப் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தும் போனது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நான்காண்டுகள் கழித்து நூறு பேரைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்விலும் பயிற்சியே பலன் தந்தது. பயிற்சி இல்லாமல் ஊட்டச்சத்துப் பானத்தை மட்டும் கொடுத்ததால் பலம் கூடவில்லை. சத்துமாவு டப்பாக்களை அடுக்கிவைத்துவிட்டுப் பெரியவரை நாற்காலியிலேயே உட்கார வைத்திருக்கும் வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். அன்பினால்தான் செய்கிறார்கள், ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்குக்கூட அவரை எழவிடாத அன்பு அவருடைய கால்களைப் பலவீனமாக்குகிறது.

தொடங்குமுன் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். கைப்பிடி உள்ள, நகராத நாற்காலியிலிருந்து எழுந்து நின்று மெல்ல உட்காருவது முதல் பயிற்சி. முதலில் கையை ஊன்றி, பிறகு ஊன்றாமல். எத்தனை முறை முடிகிறதோ அதிலிருந்து தொடங்கி, வாரத்துக்கு ஓரிரு முறை கூட்டுங்கள். நிலையான மேசையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, பக்கவாட்டில் நடப்பது ஆகியவை சமநிலைக்கு உதவும். ஒவ்வொரு வேளை உணவிலும் புரதம் இருக்கட்டும். முதியவர்களுக்கு நாளொன்றுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1 முதல் 1.2 கிராம் வரை பரிந்துரைக்கப்படுகிறது. சிறுநீரக நோய் இருந்தால் மட்டும் மருத்துவர் சொல்லும் அளவு. பயிற்சிக்குப் பிறகு தசையில் லேசான நோவு இருப்பது இயல்பு. மூட்டு வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். நெஞ்சில் இறுக்கமோ மூச்சுத்திணறலோ தலைசுற்றலோ வந்தால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முதல் சில வாரங்களுக்கு நீங்கள் யாராவது ஒருவர் அருகில் நின்றுகொள்ளுங்கள். தாங்கிப் பிடிக்காதீர்கள், கைக்கெட்டும் தூரத்தில் நின்றால் போதும்.